சனிக்கிழமை மட்டும் தாண்டும் குதிரை

அத்தியாயம் நான்கு

செத்து ஐந்து மாதமான மனிதர் ஒருவர், சனிக்கிழமை தவறாமல், பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து குதிரை ஏறிப் போகிறார் என்றால், அந்தக் குதிரையைக் காசு கொடுத்து வாங்க யார் முன்வருவார்கள்?

கவியா முன்வந்திருந்தாள். அதனால்தான் புரட்டாசி வெயிலில் மூன்று பேர் ஒரு பழைய வேனில் காரைக்கால் பக்கத்துப் போலகத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வேனை ஓட்டியவர் மரியமுத்து. ஐம்பத்தெட்டு வயது. துப்பறியும் சஜிதாவுக்கு அவர் டிரைவர், உதவியாளர், வாய்த்துணை. அந்த மூன்றில் சம்பளம் வாங்காமல் அவர் செய்வது மூன்றாவது வேலையைத்தான். ஆனால் அதைத்தான் மனசாரச் செய்வார்.

"ஏன் தங்கச்சி," என்று கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார், "ஏற்கனவே ஆள் ஏறி உக்காந்திருக்குற குதிரைய வாங்குனா, ஒனக்கு சீட்டு எங்க இருக்கும்?"

"அண்ணே, ரோட்டப் பாருங்க" என்றாள் பக்கத்தில் இருந்த சஜிதா. நாற்பத்திரண்டு வயது. பதினைந்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ்களைப் பிரித்துப் பார்த்தவள். எரிந்த கடை, தொலைந்த லாரி, செத்தும் சாகாதவர்கள் என்று எத்தனையோ பார்த்தவளுக்குப் பேய் இதுதான் முதல் தடவை. "கவியா, முதல்லேர்ந்து சொல்லும்மா. அண்ணனுக்கும் புரியிற மாதிரி சொல்லு."

கவியா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கல்லூரிக் காலத்தில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் சேர்ந்து சவாரி பழகியவள். பழகினது உடம்பை விட்டுப் போகவில்லை.

"ஈவென்டிங்குன்னு ஒரு போட்டிக்கா. ஒரே குதிரை, ஒரே ஆளு, மூணு பரீட்சை. மொதல்ல அடக்க ஒடுக்கமா நடந்து காட்டணும். அடுத்து வெளியில மேடு பள்ளம், வாய்க்கா, மரக்கட்டைன்னு தாண்டி ஓடணும். கடைசியா மைதானத்துல கம்பு தட்டாம தாண்டணும். ஜனவரியில பெங்களூர்ல புதுசா வர்றவங்களுக்குன்னு ஒரு போட்டி இருக்கு. பேரு குடுத்துட்டேன். குதிரைதான் இல்ல."

"மாப்பிள்ளை இல்லாம பத்திரிகை அடிச்ச கதை" என்றார் மரியமுத்து.

"எங்கிட்ட இருக்குறது ஒன்றரை லட்சம். அஞ்சு வருசமா சேத்தது. போட்டிக்குப் பழகுன குதிரைன்னா ஆறு லட்சம், ஏழு லட்சம் கேக்குறாங்க. ரேஸ்ல ஓடி ஒதுங்குனது மலிவாக் கெடைக்கும், ஆனா கால் போயிருக்கும். என் காசுக்கு இளங்குதிரையா வாங்கி நானே பழக்குனாத்தான் உண்டு. இது நாலு வயசு பொட்டக் குதிரை. பல்லப் பாத்தேன். காலு நாலையும் தடவிப் பாத்தேன், எங்கயும் சூடு இல்ல, வீக்கம் இல்ல. டாக்டரு நெஞ்சக் கேட்டுட்டு நல்லாருக்குன்னாரு. வெலையும் ஒன்றரைதான்."

"அப்புறம் என்ன?" என்றாள் சஜிதா.

கவியா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வாய்க்காலில் இறங்கி நின்ற கொக்குகள் பின்னால் போயின.

"நான் ஏறுனா பூனையாட்டம் நடக்குது. ஆனா முழங்கால் ஒசரத்துக்கு ஒரு மூங்கில வச்சாலும் முன்னாடி போயி நின்னுடுதுக்கா. காலால தட்டுறேன், கெஞ்சுறேன், ம்ஹூம். ஆனா சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு யாருமே ஏறாம, நெஞ்சொசரச் சுவரத் தாண்டுது. போன சனிக்கிழமை நானே பாத்தேன். தாண்டிப் போயி, தலையத் தாழ்த்தி, யாரோ நெத்தியத் தடவிக் குடுக்குற மாதிரி நின்னுச்சு. அரை மணி நேரம். எதுத்தாப்புல யாரும் இல்ல."

மரியமுத்துவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஜெபமாலை அங்கேதான் இருந்தது.

"இன்னைக்கு மூணு மணிக்குப் புரோக்கர் ஜெயபிரகாஷ் லாரி கொண்டாராரு. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுறவரு. நான் வேணாம்னா அவரு ஏத்திக்கிட்டுப் போயிருவாரு. வேணும்னு வாங்கி, போட்டியில பாதி வழியில அதுக்கு என்னமோ ஆச்சுன்னா என் கழுத்துதான் முறியும். எதுன்னாலும் இன்னைக்கே சொல்லணும்."

மணி பத்தே முக்கால்.

வீடு ஊருக்கு வெளியே, தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்தது. 'சொல்தா வீடு' என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். பிரஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களுக்குக் காரைக்கால் பக்கம் சொல்தா என்றுதான் பெயர். இந்தச் சொல்தாவின் பெயர் அந்துவான். பிரான்சில் ஏதோ ஒரு படைப்பிரிவின் குதிரை லாயத்தில் வேலை. இங்கே திரும்பி வந்து, வயசான காலத்தில் ஒரு குட்டியை வாங்கி வளர்த்தார். சித்திரையில் ஒரு விடியற்காலை, எழுந்திருக்கவில்லை.

"எங்கப்பா மட்டும் அன்னைக்கு, பிரஞ்சுக் குடிமகனா இருக்கியான்னு கேட்ட பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்தா நானும் பிரஞ்சுக்காரன்" என்றார் மரியமுத்து, வேனைப் பூட்டிக்கொண்டே. "ஒரு கையெழுத்து மேடம். பேனா இல்லைன்னு திரும்பி வந்தாராம்."

வாசலில் நாலைந்து பேர் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருந்தார்கள்; கொல்லையை அங்கிருந்தே பார்ப்பார்களே தவிர, கிட்டே வரமாட்டார்கள். சொல்தாவின் மனைவி செல்வம்மாள் சமையற்கட்டு வாசல்படியைத் தாண்டவில்லை. எழுபது இருக்கும். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. கையில் பாதி உரித்த வெங்காயம்.

"பின்னால நிக்கிது, போயிப் பாருங்க. நான் அதுகிட்ட போறதில்ல. மக அடுத்த மாசம் வந்து என்னைய பாரிசுக்குக் கூட்டிட்டுப் போறா. வீட்டப் பூட்டணும். குதிரையக் கூடவா கொண்டு போக முடியும்?"

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டாள் சஜிதா.

"ஊரு என்ன சொல்லுதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார் அந்த அம்மாள். கேள்விக்குப் பதில் அது இல்லை என்பதை மரியமுத்து கவனிக்கவில்லை. சஜிதா கவனித்தாள்.

கொல்லையில் சுற்றிலும் நெஞ்சு உயரச் சுவர். நடுவில் கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்துக்கொண்டு, அந்தக் குதிரை. நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. தரையெல்லாம் புல் மண்டிக் கிடக்க, குதிரையைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் மொட்டையாக இருந்தது. பெரிய வட்டம். கயிறு கட்டி இழுத்ததுபோல் அத்தனை சுத்தமாக.

"மாதாவே, அங்க மட்டும் புல்லு மொளைக்கலையே" என்றார் மரியமுத்து மெதுவாக.

"இது பேரு என்னம்மா?" என்று கவியாவிடம் கேட்டார்.

"சரி" என்றாள் கவியா.

"என்ன சரி? பேரக் கேட்டேன்."

"பேரே சரிதாண்ணே."

"சரின்னா, சரியா? நல்ல பேரா இருக்கே. சரி, சரி..."

அவர் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் குதிரை அவரைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு மரியமுத்து வாயை மூடிக்கொண்டார். மனுஷன் பேசுவது புரிகிற மிருகத்தின் முன்னால் எதைப் பேசுவது, எதை விடுவது?

சஜிதா அந்த வட்டத்துக்குள் நடந்து போனாள். நட்டநடுவில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். விரல் நுழைகிற மாதிரி ஒரு சின்னப் பள்ளம், பக்கத்தில் இன்னொன்று, இன்னொன்று. பிறகு கொட்டகைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அண்ணே, கொட்டகையில என்ன இருக்கு?"

"நீட்டுக் கயிறு ஒண்ணு. நீட்டுச் சாட்டை ஒண்ணு. மூங்கிலு நாலு. கைத்தடி ஒண்ணு."

"என்ன இல்ல?"

மரியமுத்து யோசித்தார். "ஃபேன் இல்ல."

"சேணம் இல்லண்ணே. கால் வைக்கிற வளையம் இல்ல. ஒரு பழசு கூட இல்ல." சமையற்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அம்மா, ஐயாவுக்குக் கால்ல ஏதாச்சும் தொந்தரவா?"

"இடுப்பெலும்பு ஒடஞ்சு பத்து வருசம்" என்று ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது. "தடி இல்லாம நிக்க மாட்டாரு."

"கேட்டுக்கிட்டீங்களா? இந்தக் குழி அவர் தடி ஊன்ற இடம். நடுவுல நின்னு நீட்டுக் கயித்தப் புடிச்சுக்கிட்டு இதைச் சுத்தி ஓட விட்டிருக்காரு. இந்த வட்டம் குதிரை மிதிச்சு மிதிச்சு இறுகினது, அதான் புல்லு மொளைக்கல. உசிரோட இருக்கும்போதே ஒருநாளும் ஏறாத மனுஷன், செத்தப்பறம் எப்படிண்ணே ஏறுவாரு?"

கவியாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. மரியமுத்துவுக்கு வரவில்லை. செத்தபிறகு இடுப்பு வலி இருக்காது என்பது அவர் கட்சி.

"எப்ப ஆரம்பிச்சது இது?" என்றாள் சஜிதா.

"ஆடி மாசத்துலேர்ந்துக்கா."

"சித்திரையில செத்தவரு ஆடியிலதான் டூட்டிக்கு வர்றாரா? நடுவுல மூணு மாசம் என்ன, லீவா?" என்றார் மரியமுத்து. சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டார், ஏனென்றால் சஜிதா அவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொன்ன ஜோக்குக்கு அவள் தலையாட்டினால் அது ஜோக் இல்லை, தடயம்.

"அந்தப் புரோக்கர் வேலையா இருக்குமோ மேடம்? வெளியில ஒளிஞ்சுக்கிட்டு வெடி கிடி போட்டு, வெலையக் கொறைக்க..."

"பயந்து தாண்டுற குதிரை தாண்டினதும் நிக்காதுண்ணே. திருமலைராயன்பட்டினம் வரைக்கும் ஓடியிருக்கும். இது அங்கேயே நிக்குது. பயத்துல தாண்டல." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நானும் கவியாவும் உள்ள நிக்கிறோம். நீங்க சுவருக்கு அந்தாண்ட சந்துல நில்லுங்க. பன்னெண்டு மணிக்கு என்ன பாக்குறீங்களோ, என்ன கேக்குறீங்களோ, ஒண்ணு விடாம எனக்குச் சொல்லணும்."

"நான் மட்டுமா? தனியாவா?"

"சொல்தா இருப்பாருல்ல, தொணைக்கு."

கொல்லைச் சுவருக்கும் அடுத்த வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அளவுக்குச் சந்து. சுவர் ஓரிடத்தில் இடிந்து சற்றுத் தாழ்ந்திருந்தது. அதற்கு எதிரே ஒரு பூவரச மரம். மரியமுத்து அதன் கீழே போய் நின்றார்.

உச்சிவேளை எப்படி இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். காற்று நின்றுவிடும். நிழல் காலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். தூரத்தில் ஓடிய மோட்டார் சத்தம் நின்ற பிறகுதான் இதுவரை அது ஓடிக்கொண்டிருந்தது என்றே தெரியும். ராத்திரிப் பேய்க்கு இருட்டு ஒரு சாக்கு. பகல் பேய்க்கு அந்தச் சாக்கும் தேவையில்லை. மரியமுத்து ஜெபமாலையில் நாலாவது மணியைப் பிடித்தார். சுவருக்கு மேலே தெரிந்த குதிரையின் தலையில் அவர் கண் இரண்டு காதுகளிலேயே நின்றது. விறைப்பாக, ஒன்றையொன்று தொடாமல். எதையோ எதிர்பார்த்து நிற்கிற காதுகள்.

அடுத்த வீட்டுக் கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. ஒரு பெண்பிள்ளை கையில் வாழை இலைத் துண்டோடு வந்து, மதில்மேல் அதை வைத்தாள். கறுத்த எள்ளுச்சோறு ஒரு பிடி. வாயருகே கையைக் குவித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கூவினாள்:

"கா... கா... சோத்த்... எடுத்துக்க வா..."

மண்ணில் நாலு குளம்படி. தடதடவென்று இல்லை, எண்ணி வைத்ததுபோல். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு சத்தமே இல்லை. அந்தக் கறுப்பு உடம்பு முழுவதும் சுவருக்கு மேலே, வெள்ளை வெயிலில், கால்களை மடக்கிக்கொண்டு மிதந்தது. மேலே யாருமில்லை. மரியமுத்து சத்தியம் செய்வார், யாருமில்லை. ஆனால் யாரோ சொன்னதைச் செய்கிற உடம்பு அது. அப்படித்தான் இருந்தது.

குதிரை சந்தில் இறங்கியது. மரியமுத்துவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. தலையைத் தாழ்த்தி, நெற்றியை முன்னால் நீட்டி, அவரைப் பார்க்காமல், அவருக்கும் தனக்கும் நடுவில் இருந்த வெற்று இடத்தைப் பார்த்து நின்றது. அதன் மூச்சு அவர் கையில் சூடாகப் பட்டது. ஜெபமாலை கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணே!" சஜிதாவும் கவியாவும் பின்கதவு வழியாக ஓடி வந்தார்கள். "என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல. வெடி இல்ல, விசில் இல்ல. அந்தம்மா காக்காயக் கூப்புட்டாங்க, அம்புட்டுதான்."

"எப்படிக் கூப்பிட்டாங்க? அப்படியே சொல்லுங்க."

"கா, கா, சோத்த்..." மரியமுத்து பாதியில் நிறுத்தினார். குதிரையின் காது அவர் பக்கம் திரும்பியிருந்தது. அவர் முகம் மெல்ல மாறியது. "மேடம்... நான் மூணாவது வரைக்கும் பிரஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்சேன். டிரில் வாத்தியார் கயித்தக் கட்டி வச்சுட்டு, ஒவ்வொருத்தனா ஓடி வரச் சொல்லிக் கத்துவாரு. ‘ஸோத்!’ அப்படின்னு. பிரஞ்சுல ‘தாண்டு’ன்னு அர்த்தம்."

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்பிள்ளை, "என்னங்க, நான் என்ன பண்ணிட்டேன்?" என்றாள். அவள் பெயர் அஞ்சுகம். மகனுக்கு ஏழரைச் சனி. ஆடியில்தான் திருநள்ளாற்றில் சொன்னார்களாம், சனிக்கிழமைதோறும் காக்காய்க்கு எள்ளுச்சோறு வைத்துவிட்டுச் சாப்பிடச் சொல்லி.

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. காக்காயக் கூப்பிட்டீங்க, குதிரை வந்துச்சு" என்றாள் சஜிதா.

"ஊருல தெனந்தான் சோறு திங்கிறாங்க. அப்பல்லாம் ஏன் தாண்டல?" என்றார் மரியமுத்து.

"தினமும் யாரும் சோத்தைக் கொல்லையில நின்னு கத்திக் கூப்பிடறதில்லண்ணே. அவரு பட்டாளத்துக் குரல்ல கத்திப் பழக்கியிருக்காரு. பேரும் ‘சரி’ இல்ல, பிரஞ்சுல என்னமோ செல்லப் பேரு."

"ஷெரி! கண்ணேன்னு அர்த்தம்!" மரியமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "நான் காலையிலேர்ந்து ஒரு குதிரையக் கண்ணே, கண்ணேன்னு கூப்புட்டுக்கிட்டு இருந்திருக்கேன். வீட்டுல சொல்லிராதீங்க."

கவியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்ப கிறுக்கு இல்லக்கா. சொன்ன பேச்சைக் கேக்குது! கால் வச்சுச் சொன்னா அதுக்குப் புரியல, வாயால சொல்லணும். நான் வாங்கிக்கிறேன்க்கா."

"கொஞ்சம் பொறும்மா" என்றாள் சஜிதா. அவள் சிரிக்கவில்லை. "அஞ்சுகம் அக்கா, போன சனிக்கிழமையும் இதே மாதிரிதான் கூப்பிட்டீங்களா?"

"போன சனிக்கிழமை நான் எங்க இங்க இருந்தேன்? மகனக் கூட்டிக்கிட்டு நளதீர்த்தத்துல குளிக்கப் போயிட்டேன். வீடு பூட்டிக் கெடந்துச்சு."

கவியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "அக்கா, போன சனிக்கிழமைதான் நான் பாத்தேன். நிச்சயமா தாண்டிச்சு."

மரியமுத்து குனிந்து ஜெபமாலையைத் தேடினார். அப்படியென்றால் போன வாரம் கூப்பிட்டது யார்? குதிரை இன்னும் அதே இடத்தில், அதே வெற்றிடத்துக்கு நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றது.

சஜிதா சுவருக்கு மேலாகச் சமையற்கட்டு ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே நிற்கிறவரின் உருவம் தெரிந்தது.

"அம்மா, போன வாரம் நீங்களா கூப்பிட்டது?"

உருவம் ஜன்னலை விட்டு விலகியது. பிறகு பின்கதவு திறந்தது. குதிரை அருகே போவதில்லை என்ற செல்வம்மாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சந்துக்கு வந்தார். குதிரையின் காது அவர் பக்கம் சாய்ந்தது.

"ரெண்டு வருசமா காலையிலயும் சாயங்காலமும் அந்த வார்த்தையக் கேட்டவ நான். ஆடியில அஞ்சுகம் கூப்புட்டு இது தாண்டுன அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏம்மா சொல்லல?" என்றாள் கவியா.

"யாரு கேட்டா? வந்தவங்க எல்லாரும் பேயப் பத்தித்தான் கேட்டாங்க." செல்வம்மாள் யாரையும் பார்க்காமல் பேசினார். "அவரு போயி முப்பதாம் நாளு பூசை முடிஞ்சதும் ஒரு மனுசன் அவரு பேர எடுக்கல. ஆடியிலேர்ந்து பாருங்க, சனிக்கிழமையானா வாசல்ல கூட்டம். ‘அந்துவான் வந்துட்டாரு, அந்துவான் ஏறிட்டாரு’ன்னு. பேயின்னாலும் அவரு பேரத்தானே சொல்றாங்க."

அஞ்சுகம் இலையை வைத்த கையை எடுக்காமல் நின்றிருந்தாள்.

"போன சனிக்கிழமை அஞ்சுகம் வீடு பூட்டிக் கெடந்துச்சு. பன்னெண்டு அடிச்சுது. இதுவும் காதத் தூக்கிக்கிட்டு நிக்கிது, வாசல்ல இந்தப் பொண்ணும் நாலு பேரும் நிக்கிறாங்க. அவரு வராமப் போயிட்டா எல்லாரும் கலைஞ்சு போயிருவாங்கல்ல? அதான் சமையற்கட்டு ஜன்னல்லேர்ந்து, வாசலுக்குக் கேக்காத அளவுக்குக் கூப்புட்டேன்."

மரியமுத்துவுக்கு வாயில் வந்த எதுவும் சொல்லத் தகுந்ததாக இல்லை. அப்படி ஒரு நிலைமை அவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும்.

"தாண்டினதும் இது ஏம்மா இப்படி நிக்கிது?" என்று கவியா மெல்லக் கேட்டாள்.

"அவரு வந்து நெத்தியத் தடவி, ‘ஃபினி’ன்னு சொல்லுவாரு. முடிஞ்சுதுன்னு. அதச் சொன்னாத்தான் நகரும். சொல்லலைன்னா கால் கடுத்துப்போயி அதுவா நகர்ற வரைக்கும் நிக்கும்." அவர் குரல் இறங்கியது. "வாரா வாரம் ஜன்னல்ல நின்னு பாப்பேன். வந்து சொல்லிரலாம்தான். முடிஞ்சுதுன்னு நான் எப்படிம்மா சொல்லுவேன்?"

கேஸ் முடிந்துவிட்டது. ஆனால் குதிரை நின்றுகொண்டிருந்தது.

கவியா செல்வம்மாளிடம் திரும்பினாள். "அம்மா, ஒண்ணு சொல்லணும். இந்த ஒசரம் தாண்டுற குதிரைக்கு ஒன்றரை லட்சம் வெலை இல்ல. நாலு மடங்கு போகும். இது பேய் இல்லன்னு தெரிஞ்சா புரோக்கரே அதிகம் தருவாரு. எங்கிட்ட அவ்ளோதான் இருக்கு. ஆனா தெரிஞ்சும் சொல்லாம வாங்கிட்டுப் போக முடியல."

"தங்கச்சி, பேய்க்காகக் குடுத்த தள்ளுபடி அது. நீ ஏன் வலிய வந்து..." மரியமுத்து சஜிதாவின் பார்வையில் அடங்கினார்.

செல்வம்மாள் அந்தப் பெண்ணை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீ போற எடத்துல வாயத் தொறந்து பேச விடுவாங்களா?"

"நடந்து காட்டுற பரீட்சையில பேசுனா மார்க்கு கொறைப்பாங்கம்மா. தாண்டுறப்ப பேசலாம்."

"கத்தலாமா?"

"எம்புட்டு வேணா கத்தலாம்."

"அந்த வார்த்தைய மாத்தாத. தமிழ்ல வேணாம், இங்கிலீஷ்ல வேணாம். பெங்களூர்ல எத்தன பேரு நின்னாலும் அதத்தான் கத்தணும்." பிறகு மரியமுத்துவிடம், "தம்பி, அந்த லாரிக்காரருக்குப் போன் போட்டு, வித்துப்போச்சுன்னு சொல்லிருங்க."

அவர் குதிரையிடம் போனார். நெற்றி வெள்ளையில் கையை வைத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவைதான் வந்தது.

"ஃபினி, ஷெரி."

குதிரை நீளமாக ஒரு மூச்சு விட்டது. உடம்பை உதறியது. சாதாரணக் குதிரையாகத் திரும்பி, அஞ்சுகத்தின் மதில்மேல் இருந்த வாழை இலையைக் கடித்து இழுத்தது. அஞ்சுகம் "ஐயையோ, சனீஸ்வரனுக்கு வச்சது!" என்று கத்தினாள்.

மணி ஒன்றரைக்கு, வேனில் கொண்டுவந்த சேணத்தைக் கட்டி, கவியா கொல்லையில் குதிரைமேல் ஏறினாள். இரண்டு மூங்கில் நட்டு, இடுப்பு உயரத்தில் இன்னொன்றை மரியமுத்து குறுக்கே வைத்தார். குதிரை வட்டத்தைச் சுற்றி ஓடி மூங்கிலுக்கு நேரே திரும்பியது.

"ஸோத்!"

கவியாவின் குரல் தென்னந்தோப்பு முழுக்கக் கேட்டது. குதிரையும் அவளும் ஒரே உடம்பாக எழும்பி, அந்தப் பக்கம் இறங்கினார்கள். மூங்கில் அசையவில்லை. குதிரை நின்றது. தலையைத் தாழ்த்திக் காத்திருந்தது.

கவியா திரும்பிப் பார்த்தாள். செல்வம்மாள் ஏற்கனவே சமையற்கட்டுக்குள் போயிருந்தார். அவள் குனிந்து, கழுத்துக்கு மேலாகக் கையை நீட்டி, நெற்றியைத் தொட்டாள்.

"ஃபினி."

குதிரை நகரவில்லை. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"அவரு இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்லுவாரும்மா" என்றார் செல்வம்மாள், உள்ளேயிருந்தே.